அப்பா நடித்த நோயாளிகள்

என் அப்பாவுக்கு நடிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு நான் சொல்லப்போகிறதெல்லாம் இதில்தான் தொங்கிக்கொண்டு நிற்கிறது. பொய் சொல்லும்போது அவர் எதிரில் இருப்பவரைப் பார்க்கமாட்டார், யன்னலைப் பார்ப்பார். அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு சேலையை வாங்கி ஒளித்து வைத்துவிட்டு அன்று முழுக்க யன்னலோடுதான் கதைத்தார். "என்ன, வெளியில ஆரும் நிக்கினமோ?" என்று அம்மா கேட்டதும் சேலை வெளியே வந்துவிட்டது. அப்படிப்பட்ட மனுசன் ஒரு பனிக்காலம் முழுவதும் எங்கள் குசினி மேசையில் இருந்துகொண்டு எனக்கு நோயாளியாக நடித்தார்.

அவர் கர்க்லாண்ட் பக்கம் மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். காலையில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினால் பிறகு மத்தியானம் தாண்டித்தான் மறுபடி வேலை. இடையில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். எனக்கும் சில நாட்களில் அந்த நேரத்தில் வகுப்பு இருக்காது. அம்மா ஒரு கார்டெரியில், அதுதான் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், சமையல் வேலை. காலையில் கறியை அடுப்பில் மூடிவைத்துவிட்டுப் போய்விடுவா, மத்தியானம் சிலவேளை எட்டிப் பார்ப்பா. ஆக, வீட்டில் நானும் அப்பாவும் ஒரு மேசையும்தான்.

எதற்கு இந்தக் கூத்தென்றால், முதல் முறை எனக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. என்னுடைய புள்ளிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் செய்யாத வேலையும் இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் யாரோ ஒரு கிழவருக்கு சூப் பருக்கினேன். கோடை முழுவதும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவினேன். அதை ஆராய்ச்சி அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுதினேன், வேறென்ன எழுத? அங்கே என்னை இறக்கிவிடும் நாட்களில் எல்லாம் அப்பா கேட்பார், "உன்ர ஃபைலுக்கு இன்னும் எப்பன் உரம் போடோணுமோ பிள்ளை?" தோட்டத்துக்குக் கேட்பதுபோலத்தான் கேட்பார். நான் எரிந்து விழுவேன். ஆனால் அது உண்மைதான், பல்கலைக்கழகத்தில் அந்த மூன்று வருடமும் நான் செய்ததெல்லாம் உரம் போட்டதுதான்.

எங்கள் சனத்துக்கு இதெல்லாம் விளங்காது. பிரீ-மெட், மருத்துவத்துக்கு முந்திய படிப்பு, என்று சொன்னால் பாதி டொக்டர் ஆகிவிட்டாள் என்று நினைப்பார்கள். கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஓர் அன்ரி வந்து, "டொக்டருக்குப் படிக்கிறியாம்?" என்பா. "இல்லை அன்ரி, அதுக்கு விண்ணப்பிக்கிறன்" என்பேன். "ஓம் ஓம், அதுதானே" என்றுவிட்டு சேலையைத் தூக்கி முழங்காலைக் காட்டுவா. நான் தட்டையும் பிடித்துக்கொண்டு அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் முறை இடம் கிடைக்காதபோது எனக்கு அழுகையைவிட அந்த அன்ரிகளை நினைத்துத்தான் பயம் வந்தது.

நான் விழுந்த இடம் இன்டர்வியூ. ஒரு நீள நடைபாதை, வரிசையாகக் கதவுகள். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதை வாசித்துவிட்டு உள்ளே போனால் ஒருவர் இருப்பார். அவர் நடிகர். வேலை போனவராக, கோபக்காரப் பக்கத்து வீட்டுக்காரராக, வருத்தக்காரராக, அதுதான் நோயாளியாக, நடிப்பார். ஏழு நிமிடம் அவரோடு கதைக்க வேண்டும். மூலையில் ஒருவர் ஒன்றும் பேசாமல் இருந்து புள்ளி போடுவார். மணி அடிக்கும், அடுத்த கதவு. நான் ஒவ்வொரு கதவுக்குள்ளும் போய் மனப்பாடம் செய்ததை ஒப்புவித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மாவோடு வேலை செய்யும் ஒருவரின் மகள் அதற்கு முந்திய வருடம் மருத்துவத்துக்கு எடுபட்டிருந்தா. புரோசார்டில் வீடு. அப்பா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அந்த அக்கா என்னைக் கொஞ்ச நேரம் கதைக்கவிட்டுக் கேட்டா, பிறகு சிரித்தா.

"நீ டொக்டர் மாதிரியெல்லோ கதைக்கிறாய். அவங்கள் டொக்டரைத் தேடேல்லை. வருத்தத்தைக் கண்டுபிடிக்கப் போகாதை, விளங்குதோ? ஆளைப் பார். என்னெண்டு கேக்கிறாய், என்னெண்டு ஆறுதல் சொல்லுறாய், அதுக்குத்தான் மார்க்ஸ். எங்க நோகுது, எத்தினை நாளா நோகுது எண்டு துருவினியோ, துலைஞ்சாய்."

அப்பா சோபாவில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. திடீரென்று, "உதை நான் செய்யலாம் பிள்ளை," என்றார். "வருத்தக்காரன் மாதிரி இருந்து கதைக்கிறதுதானே? எத்தினை பேரை பஸ்ஸில பாத்திட்டன்."

இப்படித்தான் தொடங்கியது. முதல் நாளே மண்ணாய்ப் போனது. வயிற்றுக்குத்து என்று சொல்லிக் கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் விழுந்து உருண்டார். "அப்பா, இது கூத்துக் கொட்டகை இல்லை, எழும்புங்கோ!" என்று கத்தினேன். இன்னொரு நாள் பிள்ளையைத் தவறவிட்ட தாயாக வந்து என்னை பிரெஞ்சில் திட்டினார். அது அவருடைய பஸ்ஸில் உண்மையாகவே நடந்த சம்பவம். பாதியில் தானே சிரித்துவிட்டார். மணி அடித்ததும் நான் அவருக்குப் புள்ளி போடுவேன். அதுதான் எங்கள் முறை, அவர் என்னைத் திருத்துவார், நான் அவரை.

"பத்துக்கு மூண்டு."

"மூண்டோ! கண்ணீர் வந்ததே, காணேல்லையோ?"

"அது அம்மா வெங்காயம் வெட்டினதாலை வந்தது."

"எடி, எந்தக் கண்ணீரெண்டாலும் கண்ணீர்தானே" என்பார். அம்மா வெங்காயக் கத்தியோடு நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வா. இவ்வளவுக்கும் அவர் கதைப்பது தமிழில், நான் பதில் சொல்வது ஆங்கிலத்தில். இன்டர்வியூவில் ஆங்கிலத்தில்தானே கதைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நான் சொல்வதில் பாதிதான் அவருக்குப் பிடிபடும். பிடிபட்டதுபோலத் தலையாட்டுவார், அப்போதும் கண் யன்னலில்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த முக்கால்வாசி வீடுகளில் உண்டு. பிள்ளைக்குச் சோதினை என்றால் கெட்ட செய்தி எதுவும் அந்தப் பிள்ளையின் காதில் விழக்கூடாது. "சோதினை முடியட்டும்." இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் நின்றுவிடும். நான் செஜெப்பில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியில், கடைசிச் சோதினைகள் எழுதிக்கொண்டிருந்தபோது ஊரில் பெரியப்பா செத்துப்போனார். அப்பாவின் ஒரே அண்ணன். அப்பா முகம் மழிக்காமல் திரிந்தார். கேட்டால், தோலில் ஏதோ அலர்ஜி, பிளேட் படக்கூடாது என்று அம்மா சொன்னா. அப்பா காலையில் எழும்பி எனக்கு முட்டை பொரித்துத் தந்து, "வடிவா எழுது பிள்ளை" என்று அனுப்பினார். கடைசிச் சோதினை முடிந்து மெத்ரோவால் வெளியே வந்தால் தாடியோடு நிற்கிறார். என் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "பெரியப்பா மோசம் போட்டார் பிள்ளை. எட்டுச் செலவும் முடிஞ்சுது" என்றார். அன்று அழுததைவிட நான் அவரைத் திட்டியதுதான் அதிகம். இனிமேல் எனக்கு எதையும் ஒளிக்கக்கூடாது என்று சத்தியம் கேட்டேன். "சரி சரி, செய்யிறன்" என்று யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இரண்டாவது இன்டர்வியூவுக்கு மூன்று நாலு கிழமை இருக்கும்போது ஒரு மத்தியானம். முதல் நாள் கொட்டிய பனி வாசலில் குவிந்து கிடந்தது. அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து மேசையில் இருந்தார். நான் புட்டைப் போட்டுக் கொடுத்தேன். கையை வைக்கவில்லை.

"முதல்ல பயிற்சியைச் செய்வம்," என்றார். "இண்டைக்கு வாற நோயாளிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நீயும் தமிழிலதான் கதைக்கோணும்."

"அங்க தமிழ் ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம் அப்பா. சும்மா என்ர நேரத்தை வீணாக்காதேங்கோ."

"ஒரு நாளைக்கு வருவினம்தானே. வந்தா என்ன செய்வாய்? வெளிய போகச் சொல்லுவியோ? கதை."

முணுமுணுத்துக்கொண்டு போனில் ஏழு நிமிடத்தை வைத்தேன். வணக்கம் சொன்னேன், இன்றைக்கு என்ன விஷயமாக வந்தீர்கள் ஐயா என்று கேட்டேன். அவர் உருளவில்லை, முனகவுமில்லை. இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"சாப்பிட ஏலாமக் கிடக்கு டொக்டர். ஒரு வாய் வைச்சா இஞ்ச, நெஞ்சுக்குக் கீழ பிடிச்சு முதுகுக்குப் போகுது. படுத்தாக் கூடுது. முன்னுக்குக் குனிஞ்சு இருந்தா கொஞ்சம் சுகம். காற்சட்டை இடுப்பில நிக்குதில்லை."

எத்தனை நாளாக என்று கேட்க வாய் எடுத்தேன். புரோசார்ட் அக்காவின் குரல் காதில் கேட்டது, துருவினியோ துலைஞ்சாய். அந்தக் கேள்வியை விழுங்கிக்கொண்டேன்.

"வீட்டில சொன்னீங்களோ ஐயா?"

"இல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"வீட்டில ஒரு சோதினை நடக்குது. அது முடியட்டும் எண்டு பாக்கிறன்."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பார், எங்கள் வீட்டு வழக்கத்தையே எடுத்துக் கதைக்குள் போட்டுவிட்டார், கெட்டிக்காரர் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தணித்தேன்.

"உங்களுக்குப் பயமா இருக்கோ?"

"ஓம்," என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. "என்ன வருத்தமெண்டு தெரியாமப் பயமாக் கிடக்கு. தெரிஞ்சா இன்னும் பயமா இருக்கும்போலவும் கிடக்கு."

இந்த இடத்துக்கு என்னிடம் நன்றாகத் தேய்த்துப் பழகிய ஆங்கில வசனங்கள் இருந்தன. முதல் தடவையாக அவற்றைத் தமிழில் சொன்னேன். "இவ்வளவு நாளும் இதை நீங்கள் தனியச் சுமந்திருக்கிறீங்கள். அது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். இனி நீங்கள் தனிய இல்லை. என்ன வந்தாலும் நாங்கள் சேந்து பாப்பம்." கையை நீட்டி அவருடைய கைமேல் வைத்தேன். அதற்குப் புள்ளி உண்டு.

அப்பா தலையைக் குனிந்தார். "நன்றி டொக்டர்," என்றார். போன் மணி அடித்தது.

நான் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினேன். "அப்பா! இதெல்லோ நடிப்பு! பத்துக்கு எட்டு!"

"ரெண்டு ஏன் குறைச்சனி?"

"நீங்கள் அழேல்லை."

அவர் சிரித்தார். புட்டை அப்படியே மூடி வைத்தார், பஸ்ஸுக்கு நேரமாகிறது, பேந்து சாப்பிடுகிறேன் என்றார். சப்பாத்தைப் போடக் குனிந்தவர் கொஞ்சம் அதிக நேரம் குனிந்தபடியே நின்றார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பார்த்துக்கொண்டு, அடுத்த கேள்விக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்டர்வியூவுக்கு முந்திய கிழமை அவர் வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடத் தொடங்கினார். பனி வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, பஸ்காரர் எல்லாரும் போடுகிறார்கள் என்றார். "என்ன, படத்தில நடிக்கக் கூப்பிட்டுட்டினமோ?" என்று கேலி பண்ணினேன். கையைச் சொறிந்துகொண்டே திரிந்தார். கம்பளிச் சட்டை கடிக்கிறது என்றா அம்மா. யன்னலைப் பார்த்துக்கொண்டா சொன்னா என்று நான் கவனிக்கவில்லை. அம்மாவுக்குப் பொய் நன்றாக வரும்.

இன்டர்வியூ அன்று அவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார், முடியுமட்டும் வாகனத் தரிப்பிடத்திலேயே காத்திருந்தார். நான் ஓடிவந்து ஏறினேன். வாய் ஓயாமல் கதைத்தேன். ஒரு கதவுக்குள் வருத்தக்காரராக ஒருவர் இருந்தார், நான் உங்களோடு கதைப்பதாக நினைத்துக்கொண்டே கதைத்தேன், மூலையில் இருந்த மனுசி நிமிர்ந்து பார்த்தா, இந்த முறை நிச்சயம் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சோதினை முடிஞ்சுது?" என்றார்.

"முடிஞ்சுது அப்பா. கண்டறியாத சோதினை, ஒரேயடியா முடிஞ்சுது."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

"அப்ப இனி ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போவம் பிள்ளை," என்றார். "நீ ஓட்டு. எனக்கு ஏலாமக் கிடக்கு."

அவசரப் பிரிவில் எங்களைக் கூப்பிடும்வரை பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். இன்டர்வியூவுக்குப் போட்ட கோட்டோடு நான். அவர் முன்னுக்குக் குனிந்தபடி. அந்தக் குனிவைப் பார்த்தபோதுதான் என் மண்டைக்குள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. சாப்பாடு, முதுகு, காற்சட்டை, சோதினை.

"அண்டைக்கு நீங்கள் சொன்னது உங்களையோ?"

"ஓம்."

"நடிக்கேல்லையோ?"

"எனக்கு எங்க நடிக்கத் தெரியும்?" என்றார்.

எனக்கு வந்த கொதியைச் சொல்ல முடியாது. ஆட்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். எனக்குச் சத்தியம் செய்து தந்தீர்களே, நேரே சொன்னால் என்ன, வாய் இல்லையோ என்று கேட்டேன். அவர் என் கோட்டுக் கையைப் பிடித்து இருத்தினார்.

"நேர சொன்னா நீ சோதினைக்குப் போகமாட்டாய். சொல்லாம இருக்கவும் ஏலாமக் கிடந்தது. அண்டைக்கு நீ சொன்னது நல்ல ஆறுதலா இருந்தது பிள்ளை. நான் ஆறுதலாப் போய் பஸ் ஓடினனான்."

ஆறுதலாம் ஆறுதல்! அந்த மனுசனுக்குத் தேவைப்பட்டது ஒரு ஸ்கான். நான் கொடுத்தது தேய்ந்துபோன நாலு வசனம். ஆளைப் பார், வருத்தத்தைப் பார்க்காதே என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். நான் ஆளையும் பார்க்கவில்லை, நான் எப்படிக் கதைக்கிறேன் என்பதைத்தான் பார்த்தேன். ஆனால் அவர் அதை ஆறுதல் என்கிறார். எழும்பிப் போய் கோப்பி மெஷினுக்கு முன்னால் நின்று அழுதேன்.

கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் போய்விட்டது. டொக்டர் அவரிடம் சொல்ல வந்தபோது அவர் தன் பஸ் பிரெஞ்சில், எல்லாவற்றையும் மகளிடம் சொல்லுங்கள், மகள் டொக்டர் என்றார். நான் டொக்டர் இல்லை என்று அந்த அறையில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டொக்டர் என்னைத் தனியே ஓர் அறைக்குக் கூட்டிப்போனா. என் உயரத்துக்கு இருந்து, முன்னே சாய்ந்து, குரலைத் தணித்துச் சொன்னா. மாதக் கணக்கில்தான், வருடக் கணக்கில் இல்லை. மூன்று நாலு கிழமை முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். ஒன்றும் மாறியிருக்காது என்றா. சொன்ன விதத்துக்குப் பத்துக்குப் பத்து கொடுக்கலாம். நான் நம்பவில்லை, இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

அடைத்த பித்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். மஞ்சள் இறங்கியது. அடைப்பு இருந்தது, திறந்துவிட்டார்கள் என்று அப்பாவுக்குச் சொன்னோம். அது பொய்யில்லை, பாதி. மீதிப் பாதியைப் பற்றி அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து வைத்துச் சொன்னா.

"இப்ப சொல்லாதை பிள்ளை. உன்ர ரிசல்ட் வரட்டும். அதைக் கேட்டு அந்த மனுசனுக்கு ஒரு புளுகம், ஒரு சந்தோசம் வரட்டும். பேந்து சொல்லுவம்."

நான் எதிர்த்துக் கத்தியிருக்க வேண்டும். ஓம் என்றேன். இரத்தத்தில் ஊறிய வழக்கம், எங்கே போகும்?

மே மாதத்தில் பதில் வந்தது. எடுபட்டுவிட்டேன். அப்போது வரவேற்பறையில் யன்னலுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டாயிற்று. போனை அவருடைய கண்ணுக்கு நேரே பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். "அப்ப நானும் பாஸ்," என்றார். அம்மா கேசரி கிண்டினா, அவர் நுனிவிரலில் எடுத்து நாக்கில் வைத்தார். அன்ரிமார் மாறி மாறிப் போன் எடுத்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும், "ஓம், டொக்டருக்குத்தான். இல்லை இல்லை, இப்பதான் உண்மையா" என்று சொல்லிக் களைத்து நித்திரையாகிப் போனார்.

அடுத்த நாளும் நாங்கள் சொல்லவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. இனிக் காத்திருக்க எந்தச் சோதினையும் மிச்சமில்லை. ஆனாலும் அம்மா சூப்பை வடித்தா, நான் மருந்து நேரம் பார்த்தேன், மூன்று பேரும் காலநிலை கதைத்தோம். அவருடைய கை என் மணிக்கட்டைவிட மெலிந்துவிட்டது.

இப்போது நான் மருத்துவம் படிக்கிறேன். வகுப்புக்கு நடிகர்கள் வருகிறார்கள், நோயாளியாக இருந்து கதைக்கிறார்கள். எனக்கு நல்ல புள்ளிதான். ஆனால் எத்தனை நாளாக நோகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒருவர் என்னை நேரே பார்த்துக் கதைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருமுறை முடிந்தபின் வாசல்வரை போய், உங்களுக்கு உண்மையாகவே சுகம்தானே என்று ஒருவரைக் கேட்டேன். அந்த மனிதர் சிரித்து, மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்லிக்கொண்டே போனார்.

அப்பா ஜூன் மாதக் கடைசியில் போனார். நான் சொல்ல வந்தது அதற்குக் கொஞ்ச நாள் முந்திய ஒரு பின்னேரம். அம்மா வேலைக்குப் போயிருந்தா. யன்னல் திறந்திருந்தது. கீழே தெருவால் ஒரு பள்ளிக்கூட பஸ் போனது. அந்தச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டு கிடந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு பயிற்சி செய்வமோ?"

"என்னத்துக்கப்பா? சோதினையெல்லாம் முடிஞ்சுது."

"பரவாயில்லை. இண்டைக்கும் அந்தத் தமிழ் ஆள்தான் வந்திருக்கிறார்."

நான் போனை எடுக்கவில்லை. கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு இருந்தேன். என்ன விஷயமாக வந்தீர்கள் ஐயா என்று கேட்டேன். பக்கத்தில் யன்னல் திறந்து கிடந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"வீட்டில ரெண்டு பேரும் எனக்கு ஒண்டும் சொல்லீனமில்லை டொக்டர். பாவம், ஏலாமக் கிடக்குதாக்கும். நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு இன்னும் கன நாள் இருக்கோ?"

பழகிய வசனங்களில் ஒன்றுகூட வரவில்லை. ஆங்கிலத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

"அப்பா," என்றேன்.

"டொக்டர்மார் நோயாளியை அப்பா எண்டு கூப்பிடுறேல்லை. மார்க்ஸ் குறைப்பாங்கள்."

"குறைக்கட்டும்," என்றேன். அவருடைய கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். "கன நாள் இல்லையப்பா."

அவர் கண்ணை மூடினார். மூச்சு ஒன்று நீளமாக வந்து போனது. நான் அவருடைய கையில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளைபோல் சத்தம் போட்டு அழுதேன். அவர் மற்றக் கையால் என் அழுகை அடங்கும்வரை என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லாச் சொன்னாய் பிள்ளை," என்றார் பிறகு. "அழுததுக்கு ரெண்டைக் குறைக்கிறன். பத்துக்கு எட்டு."